கொச்சியில் கேட்ட கொச்சை மொழி

பள்ளியில் பன்னிரண்டு ஆண்டும் கல்லூரியில் மூன்று ஆண்டும் ஆங்கிலம் படித்துவிட்டே நாம் இந்த வளாகத்துக்கு வந்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிறோம். ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறோம். கடல்நீரின் உவர்ப்பு, அடர்த்தி, வெப்பம் ஆகியவை பற்றி அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசச் சொன்னால், தட்டுத் தடுமாறியேனும் பேசிவிடுவோம். ஆனால் ஓர் ஆங்கிலேய மாணவி, "நான் இன்று துண்டு துண்டாக இருக்கிறேன்" என்று அவள் மொழியில் எழுதினால் அதற்கு என்ன பொருள், என்ன மறுமொழி எழுதுவது என்பது நம் பாடப் புத்தகம் எதிலும் இல்லை.

மனம் குழம்பும் போதும் நெஞ்சு நோகும் போதும் ஆங்கிலம் பேசுவோர் வழங்கும் கொச்சைச் சொற்களைப் பற்றியே இக்கட்டுரை. கொச்சை மொழி என்பது பெருங்கடல். உணவுக்குக் கொச்சை உண்டு, காசுக்கு உண்டு, காவலருக்கு உண்டு. அவை தெரியாவிட்டால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. இந்த ஒரு வகை தெரியாமற் போனால் மட்டும், ஒருவர் தம் துயரத்தைச் சொல்லிக் கொண்டிருக்கும் போதே நாம் வேறு எதையோ பேசிக் கொண்டிருப்போம்.

அப்படி நேர்ந்தும் இருக்கிறது. என் வகுப்புத் தோழன் ஒருவன், மதுரைப் பக்கத்துக்காரன். பெயர் வேண்டாம், இதை அவனும் படிப்பான். சென்ற ஆண்டு இங்கிலாந்தில் படிக்கும் மாணவி ஒருத்தியோடு சேர்ந்து கடல் மேற்பரப்பு வெப்பநிலைக் கணக்குகளைத் தொகுக்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. இருவரும் நேரிற் கண்டதில்லை, எல்லாம் மின்னஞ்சல்தான். ஒரு நாள் அவள், கோப்பு அனுப்பத் தாமதமாகும், மன்னிக்கவும் என்று எழுதி, "ஐ ஆம் இன் பிட்ஸ்" என்றும் சேர்த்திருந்தாள். நம் நண்பன் அதைக் கோப்பின் நிலைமை என்று எடுத்துக் கொண்டான். "கவலை வேண்டாம், துண்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பு. நான் சேர்த்துக் கொள்கிறேன்" என்று மிக்க அன்போடு பதில் எழுதினான். பத்து நாள் அவளிடமிருந்து ஒரு வரியும் இல்லை.

எர்ணாகுளத்துக்குப் படகிற் போகும் போது கைபேசியை என்னிடம் நீட்டினான். "டேய், நான் என்னடா தப்பா எழுதிட்டேன்? உதவி பண்றேன்னுதானே சொன்னேன்?"

படித்துவிட்டுச் சொன்னேன்: "துண்டு துண்டா இருக்கிறது கோப்பு இல்லடா. அவ."

அவளை வளர்த்த பாட்டி அந்த வாரம் இறந்திருந்தார் என்பது பின்னால் தெரிய வந்தது. 'இன் பிட்ஸ்' என்றால் நொறுங்கிப் போனேன் என்று பொருள். 'மனசு நொறுங்கிப் போச்சு' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா? அதே உவமைதான். ஆனால் ஆங்கிலத்தில் அந்த உவமையை நாம் எதிர்பார்ப்பதில்லை. ஆங்கிலம் என்றாலே புத்தகம், விண்ணப்பம், ஆய்வறிக்கை என்று பழகிவிட்டோம். அந்த மொழியிலும் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பாட்டிகளும், சந்தையில் மீன் விற்கும் பெண்களும் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

என் தகுதி என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நான் கடலியல் படிப்பவன். மொழியியல் படித்தவன் அல்லேன். ஆனால் தூத்துக்குடியிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் மாமா வீட்டில் தங்கியிருக்கிறேன். மாமா யூதர் தெருவை அடுத்த மசாலாக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். விடுமுறை நாட்களில் நானும் அங்கே நிற்பதுண்டு. 1568இல் கட்டிய யூதர் தொழுகைக் கூடத்தையும் டச்சு அரண்மனையையும் காண வரும் வெளிநாட்டார், வெயிலுக்கு ஒதுங்கிக் கடை வாசலில் நின்று தமக்குள் பேசிக் கொள்வார்கள். மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எல்லாம் ஒலிக்கும் அந்தத் தெருவில் ஆங்கிலக் கொச்சையும் ஒன்று. கொச்சியில் இருந்தே கொச்சை கற்றேன் என்று சொல்லிக் கொள்ளலாம்.

முதலிற் கவனிக்க வேண்டியது ஒன்று. தமிழில் 'கலக்கம்' என்ற சொல் அறிவுக்கும் பொது, நெஞ்சுக்கும் பொது. கணக்குப் புரியாதவனும் கலங்குகிறான். காதலி பிரிந்தவனும் கலங்குகிறான். இரண்டும் அடிமண் கிளம்பிய குளத்து நீர்தான். ஆங்கிலக் கொச்சையிலோ பெரும்பாலான சொற்கள் இவற்றுள் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். ஆதலால் ஒரு சொல் காதில் விழுந்தவுடன், இது மண்டையைப் பற்றியதா, நெஞ்சைப் பற்றியதா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் சொற்களும் உண்டு. 'ராட்டில்ட்' என்றால் உலுக்கப்பட்டவன். 'த்ரோன்' என்றால் குதிரை கீழே தள்ளியது போல் நிலை குலைந்தவன். எதிர்பாராத செய்தி கேட்டவனுக்கு அறிவும் நெஞ்சும் ஒருங்கே ஆடிப் போகின்றன அன்றோ?

இந்தப் பாகுபாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 'லாஸ்ட்' என்ற ஒரே சொல் போதும். 'ஐ ஆம் லாஸ்ட்' என்றால் வழி தெரியவில்லை, அல்லது பாடம் புரியவில்லை. 'யூ லாஸ்ட் மி' என்று கருத்தரங்கில் ஒருவர் சொன்னால், 'நீ என்னை இழந்துவிட்டாய்' என்ற திரைப்பட வசனம் அன்று அது. நீங்கள் சொன்னது இந்த இடத்துக்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று பொருள். 'ஐ லாஸ்ட் இட்' என்றால் கதையே வேறு: அடக்க முடியாமல் அழுதுவிட்டேன், அல்லது கத்திவிட்டேன். 'லாஸ்ட் த ப்ளாட்' என்றால் தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியாத நிலைக்குப் போய்விட்டான் என்று பொருள். நான்கிலும் இழப்பு இருக்கிறது. இழந்த பொருள்தான் வேறு.

இனிக் கடலுக்கு வருவோம். என் பாடம் அது என்பதால் மட்டும் அன்று. ஆங்கிலேயர் தீவு வாசிகள், கப்பலோட்டிகள். அவர்கள் குழப்பத்துக்கு வைத்த பெயர்களிற் பலவற்றில் உப்புக் கரிக்கிறது.

'ஆல் அட் ஸீ' என்பது அவற்றுள் மிகப் பழகியது. முழுக்கக் கடலில் இருக்கிறேன் என்று சொல்லுக்குச் சொல் பொருள். ஒன்றுமே புரியாமல் நிற்கிறேன் என்பது கருத்து. கடலில் இருப்பதற்கும் புரியாமல் இருப்பதற்கும் என்ன தொடர்பு? கரை கண்ணுக்கு மறைந்த பிறகு பழங்கால மாலுமிக்குப் பாதி விவரமே கையில் இருந்தது. நண்பகற் கதிரவனின் உயரத்தையும் துருவ மீனின் உயரத்தையும் அளந்து, வடக்கு தெற்காகத் தான் எங்கே இருக்கிறான் என்பதை ஓரளவு சொல்லிவிடுவான். கிழக்கு மேற்காக எங்கே என்பதைச் சொல்வதற்குப் புறப்பட்ட துறையின் நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். பூமி ஒரு மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. கடிகாரம் நான்கு நிமிடம் பிசகினால் ஒரு பாகை பிசகும். நிலநடுக்கோட்டருகே அது சுமார் 111 கிலோ மீட்டர்! ஆடும் கப்பலில் பிசகாமல் ஓடும் கடிகாரத்தை ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் செய்து முடித்து, 1761இல் ஜமைக்காவுக்குச் சென்ற கப்பலில் அது சோதிக்கப்பட்டது. அதற்கு முன் கடலில் இருப்பது என்பதே ஒரு வகையில் இடம் தெரியாமல் இருப்பதுதான்.

(கலங்கரை விளக்கம் என்ற சொல்லில் உள்ள 'கலங்' என்பதும் இந்தக் கலக்கம்தானோ என்று நம் மன்றத்தில் ஒரு தம்பி கேட்டான். அன்று. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கு. காக்கை கரைவது போல என்று வைத்துக் கொள்ளலாம்.)

'டேக்கன் அபேக்' என்பதை நாம் எல்லோரும் புத்தகங்களிற் கண்டிருக்கிறோம். திடுக்கிட்டுப் போனான் என்று பொருள் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அதற்குள் ஒரு விபத்து ஒளிந்திருக்கிறது. பாய்மரக் கப்பலில் காற்று பாயின் பின்புறத்தில் அடித்துக் கப்பலை முன்னே தள்ள வேண்டும். காற்று திடீரென்று திசை மாறினாலோ, சுக்கான் பிடிப்பவன் அயர்ந்தாலோ, அது பாயின் முன்புறத்தில் அடிக்கும். பாய் மரத்தோடு மரமாக அறைந்து ஒட்டிக் கொள்ளும். ஓடிக் கொண்டிருந்த கப்பல் நின்றுவிடும். சில சமயம் பின்னோக்கிப் போகும். மரமே முறிவதும் உண்டு. பேசிக் கொண்டே போகும் ஒருவர் எதிராளியின் ஒரு சொல்லால் வாயடைத்து நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை எது?

'அப்செட்' என்ற சொல்லும் இப்படியே. நம் நாட்டில் இது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. பேருந்து போய்விட்டாலும் அப்செட், பெரியப்பா போய்விட்டாலும் அப்செட். பழைய ஆங்கிலத்தில் அது நிமிர்த்தி நிறுத்துவதைக் குறித்தது. பிறகு நேர் எதிராகத் திரும்பி, படகையும் வண்டியையும் கவிழ்ப்பதைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கவிழ்வது மனத்துக்கும் வந்தது.

எல்லாம் கடலிலிருந்து மனத்துக்கு வந்தவை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 'இன் த டோல்ட்ரம்ஸ்' என்று ஒரு வழக்கு உண்டு. சோர்ந்து, ஊக்கமின்றி, நகராமற் கிடத்தல். கடலியல் படிப்பவர்களுக்கு டோல்ட்ரம்ஸ் என்பது நிலநடுக்கோட்டை ஒட்டிய காற்றில்லாப் பகுதி. வடகிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும் வணிகக் காற்றுகள் அங்கே சந்திக்கின்றன. சூடேறிய காற்று மேலே எழுகிறது. ஆகவே கிடைமட்டமாக வீசும் காற்று மிகக் குறைவு. பாய்மரக் கப்பல் வாரக் கணக்கில் அங்கே அசையாமற் கிடந்ததுண்டு. இக்கடற்பகுதியின் பெயரே மனச் சோர்வுக்கு ஆயிற்று என்றுதான் பலரும் நினைப்பர். நடந்தது தலைகீழ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'டோல்ட்ரம்ஸ்' என்பது மந்தமான மனநிலைக்குரிய பேச்சுச் சொல். பிறகு காற்றின்றி நிற்கும் கப்பலுக்கு ஆயிற்று. அதன் பிறகே அந்தக் கடற்பகுதிக்குப் பெயராயிற்று. மனிதனின் சோர்வு உலகப் படத்தில் இடம் பிடித்துவிட்டது!

கடலை விட்டுக் கரைக்கு, அதுவும் நம் இந்தியக் கரைக்கு வருவோம். ஆங்கிலக் கொச்சையில் நம் நாட்டு ஊரொன்றின் பெயர் மனக் கலக்கத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. 'டூலாலி' என்பது அச்சொல். 'ஹி ஹாஸ் கான் டூலாலி' என்றால் அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பொருள். கடை வாசலில் ஓர் ஆங்கிலேய மூதாட்டி தம் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக் கொண்டு பையெல்லாம் தேடினார். கண்டு பிடித்ததும் தம்மைத் தாமே இச்சொல்லால் வைது சிரித்தார். அது எந்த ஊர்ப் பெயர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மராட்டிய நாட்டில், நாசிக்கை அடுத்துத் தேவ்லாலி என்ற ஊர் இருக்கிறது. பம்பாயிலிருந்து இரயிலில் வடகிழக்கே போனால், மலைத் தொடர் ஏறி அடையலாம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கம் அங்கே படைவீரர் தங்கிச் செல்லும் முகாம் ஒன்றை வைத்திருந்தது. இந்தியாவிற் பணிக்காலம் முடிந்தவர்கள் கப்பலேறுவதற்காக அங்கே கொண்டு வந்து நிறுத்தப்பட்டார்கள். படைவீரர் கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஓடவில்லை, குளிர்காலத்தில்தான் ஓடின. பருவம் தப்பி வந்து சேர்ந்தவன் மாதக் கணக்கிற் காத்திருக்க வேண்டும். வேலை இல்லை, போர் இல்லை, வெயில் மட்டும் உண்டு. வீடு என்ற நினைவு நெஞ்சில். கப்பலோ கண்ணில் இல்லை. குடித்தார்கள், சண்டையிட்டார்கள், காய்ச்சலில் விழுந்தார்கள், சிலர் மனம் பேதலித்தார்கள். அந்த நிலைக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் 'டூலாலி டாப்'. பின்னது நம் சொல்லே: இந்தியிலும் மராட்டியிலும் 'தாப்' என்றால் வெப்பம், காய்ச்சல். நாம் தாபம் என்கிறோம். நம் பாடல்களிற் பிரிந்தவர்க்கு விரகதாபம் வரும். தேவ்லாலிக்காரர்களுக்கு வந்தது ஒருவகையில் கப்பல் மேல் வந்த விரகதாபம்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற் சிப்பாயாக இருந்த ஃப்ராங்க் ரிச்சர்ட்ஸ் என்பவர், 1936இல் வெளியான 'ஓல்ட் சோல்ஜர் சாஹிப்' என்ற தம் நினைவு நூலில் இந்தக் காத்திருப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். காலப் போக்கில் 'டாப்' உதிர்ந்தது. ஊர்ப் பெயர் மட்டும் இங்கிலாந்தில் இன்றும் வழங்குகிறது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு நீளமா என்று ஆசிரியர் குழுவினர் முகம் சுளிக்கக் கூடும். ஆனால் நம்மிற் பலருக்கு இந்த நோய் புதிதன்று. தேர்வு முடிந்து, ஆய்வேடும் கொடுத்தாயிற்று. வேலைக் கடிதம் வரவில்லை. ஊருக்குப் போனால் உறவினர் கேள்வி. விடுதி மாடியில் அவ்வாறு ஆறு மாதம் உட்கார்ந்திருந்த ஓர் அண்ணனை நான் அறிவேன். தேவ்லாலி அவருக்கு விளக்கம் இல்லாமலே புரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இச்சொல் தன்னைத் தானே கேலி செய்து கொள்ளவே ஏற்றது. உண்மையாகவே மனநோயால் வருந்துபவரைக் குறித்து இதைச் சொல்வது பண்பாகாது.

'ரன்னிங் அமோக்' என்பதற்கும் நம் கடற்கரைக்கும் ஓர் உறவு உண்டு. வெறி கொண்டு கண்டபடி பாய்தல் என்று பொருள். சொல் மலாய் மொழியினது. ஆனால் போர்த்துக்கீசியர் இதனை மலையாளக் கரையிலும் வழங்கினார்கள். தம் அரசனுக்காக உயிரைத் துச்சமாக எண்ணிப் பகைவர்மேற் பாய்ந்த நாயர் வீரர்களை அவர்கள் இப்பெயரால் குறித்தார்கள். 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி இவ்விரு கரைச் செய்திகளையும் ஒருங்கே தருகிறது. அந்தப் பர்னெல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர் என்பது நமக்கு ஒரு சிறு பெருமை.

சில ஆங்கிலச் சொற்கள் நம் பழமொழிகளுக்கு உடன்பிறப்பைப் போல் இருக்கும். 'பிவில்டர்ட்' என்ற சொல்லைப் பிரித்தால், காட்டில் வழி தப்ப விடப்பட்டவன். நாம் 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல' என்கிறோம். 'காப்ஸ்மாக்ட்' என்றால் வாயில் அறை வாங்கியவன், அதாவது வியப்பில் வாயடைத்தவன். நாம் 'பேய் அறைந்தாற்போல' என்கிறோம். நம்மை அறைந்தது பேய் என்றாவது தெரிகிறது. ஆங்கிலேயனை அறைந்தது யாரோ!

வேடிக்கைக்காகவே கட்டப்பட்ட சொற்களும் உண்டு. 'டிஸ்கம்பாபுலேட்டட்' என்பது 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் இலத்தீன் போல் ஒலிக்கும்படி விளையாட்டாகப் புனைந்த சொல். ஒழுங்கு குலைந்து தடுமாறுதல் என்று பொருள். அமெரிக்காவில் மில்வாக்கி விமான நிலையத்தில் சோதனை முடிந்து காலணியையும் இடைவாரையும் மாட்டிக் கொள்ளும் இடத்துக்கு, 'டிஸ்' என்ற முன்னொட்டைக் களைந்து 'ரீ' சேர்த்து, 'ரீகம்பாபுலேஷன் ஏரியா' என்று பலகை வைத்திருக்கிறார்கள். 'ஃப்ளமக்ஸ்ட்' என்ற சொல் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நூலிலேயே வருகிறது. அது 1837இல் முடிந்த நூல். 'பாம்பூசில்' என்ற சொல்லைக் கேட்டு ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இலேயே, மொழி கெட்டுப் போகிறதே என்று புலம்பியிருக்கிறார். சொல் முந்நூறு ஆண்டு கடந்து நலமாக இருக்கிறது. இவை மூன்றும் மண்டைக்குரியவை; யாரும் இவற்றைச் சொல்லி அழுவதில்லை.

நெஞ்சுக்குரிய சொற்களில் என்னை மிகவும் தாக்கியது 'கட்டெட்'. இங்கிலாந்தில் பந்தாட்டத்தில் தோற்றவர் முதல் தேர்வில் தவறியவர் வரை இதையே சொல்கிறார்கள். பொருள் தெரிய வேண்டுமானால் காலையில் கொச்சித் துறைமுகத்து மீன் சந்தைக்குப் போனாற் போதும். மீனின் வயிற்றைக் கீறி, உள்ளே இருப்பதை ஒரே இழுப்பில் உருவி எறிகிறார்களே, அதுதான் 'கட்'. அதற்குப் பிறகும் மீன் வெளிப்பார்வைக்கு மீனாகவே இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. மிகவும் எதிர்பார்த்திருந்த ஒன்று கை நழுவிய ஏமாற்றத்துக்கே இச்சொல் சிறப்பாகப் பொருந்தும். ஊரில் நாம் 'நொந்து நூலாயிட்டேன்' என்போம். இந்நாளில் நூல் நூடுல்ஸும் ஆகிவிட்டது. ஒரு வெளிநாட்டு நண்பர் 'கட்டெட்' என்றால், 'பரவாயில்லை' என்று கடந்து போகாமல் அருகில் உட்கார்வது நல்லது. 'மிஃப்ட்' என்றால் அவ்வளவு அவசரமில்லை. அது சிறு மனத்தாங்கல், மாலைக்குள் தீரும்.

அளவைக் கணிப்பதில்தான் நமக்குத் தடுமாற்றம் மிகுதி. நாம் துயரத்தைப் பெருக்கிச் சொல்லப் பழகியவர்கள். தலைவலி வந்தால் செத்தேன் என்போம். ஆங்கிலேயர், அதிலும் வயதில் மூத்தவர், குறைத்துச் சொல்லப் பழகியவர்கள். 'அ பிட் அப்செட்' என்று அவர் சொன்னால் அந்தப் 'பிட்'டை நம்பிவிடக் கூடாது. அமெரிக்கர் அவ்வளவு அடக்கம் பார்ப்பதில்லை. ஒரே சொல் இரு நாட்டில் இரு பொருள் தருவதும் உண்டு: 'மாட்' என்றால் இங்கிலாந்தில் பெரும்பாலும் பித்து, அமெரிக்காவிற் பெரும்பாலும் கோபம். 'நான்ப்ளஸ்ட்' என்பது இன்னும் விபரீதம். 'இதற்கு மேல் இல்லை' என்ற இலத்தீனிலிருந்து வந்த அது, செய்வதறியாது திகைத்தவனைக் குறித்தது. இப்போது அமெரிக்கரிற் பலர் சற்றும் அசையாதவனை அதனாற் குறிக்கின்றனர். இச்சொல்லை எழுதாமல் இருப்பதே உத்தமம் என்பது என் கருத்து.

நாம் பேசும் ஆங்கிலம் அவர்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? 'ஐ ஹாவ் அ டவுட்' என்று கை தூக்குகிறோம். ஐயம் கேட்கிறோம் என்று பொருள். அவர்களுக்கோ 'டவுட்' என்றால் நம்பிக்கையின்மை. 'உங்கள் முடிவுகளில் எனக்குச் சில டவுட்' என்று நம் மதுரை நண்பன் ஒரு முறை எழுத, அந்த மாணவி தன் நேர்மையையே சந்தேகிப்பதாக எண்ணி, மூலக் கணக்கு முழுவதையும் அனுப்பி வைத்தாள். 'க்வெஸ்சன்' என்று எழுதியிருந்தால் வம்பில்லை. 'ஃபீல் பண்ணாதே' என்பதை 'டோன்ட் ஃபீல்' என்று ஆக்கினால், உணர்ச்சியே இல்லாமல் இரு என்று கட்டளை இட்டது போல் ஆகிவிடும். 'மூட் அவுட்', 'மூட் ஆஃப்' இரண்டும் நம் நாட்டுச் சரக்கு, கப்பலேறினால் செல்லாது.

மறுபுறம், ஒரு பேராசிரியர் மின்னஞ்சலில் 'ஐ ஆம் அ லிட்டில் கன்ஃப்யூஸ்ட்' என்று எழுதினால் பெரும்பாலும் அவர் குழம்பவில்லை. நீதான் குழப்பியிருக்கிறாய், இரண்டாம் அட்டவணையும் நான்காம் அட்டவணையும் முரண்படுகின்றன, பார் என்று நாகரிகமாகச் சொல்கிறார். இதற்கு 'டோன்ட் பி கன்ஃப்யூஸ்ட், சார்' என்று ஆறுதல் எழுதிய பெருந்தகை ஒருவர் நம் விடுதியில் இருக்கிறார். அவரை நேரில் காணும் போது நண்பர்கள் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

கொச்சியில் இருந்து கொண்டு ஆங்கிலக் கொச்சை மட்டும் பேசினால் மலையாள நண்பர்கள் விடமாட்டார்கள். இங்கே வந்த முதல் வாரம் 'கிளி போயி' என்று ஒரு தோழன் தலையைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்ததைக் கண்டு, அவன் வளர்த்த கிளி பறந்துவிட்டதோ என்று கேட்ட தமிழர் நம்மில் ஒருவர் அல்லர், பலர். மண்டைக்குள் இருந்த கிளி பறந்துவிட்டது. புத்தி தடுமாறுகிறது என்பது பொருள். 2013இல் இப்பெயரில் ஒரு திரைப்படமே வந்தது. நம் 'மண்டை காயுது'க்கும் ஆங்கிலத்து 'ஆல் அட் ஸீ'க்கும் நடுவே இந்தக் கிளியை எங்கே உட்கார வைப்பது என்று நானும் மதுரை நண்பனும் படகில் வாதாடியிருக்கிறோம். அவன் இப்போது அந்த மாணவிக்கு வாரம் ஒரு தமிழ்ச் சொல் கற்பிக்கிறான். சென்ற வாரம் அவள், தன் நிரல் ஓடவில்லை என்று எழுதிவிட்டு, கீழே 'மண்டே காயுது' என்று கையொப்பம் இட்டிருந்தாள்.

உங்கள் காதில் விழுந்த இவ்வகைச் சொற்களை, எங்கே, யார், எந்த நிலையிற் சொன்னார் என்ற குறிப்போடு மன்றத்து அறையின் கரும்பலகையில் எழுதி வையுங்கள். தொகுத்து அடுத்த இதழிற் போடலாம் என்று ஆசிரியர் இசைந்திருக்கிறார். முதல் வரியில் கிளியை நான் எழுதிவிட்டேன்.